சீதனக் கல்வீட்டை வித்து ஜேர்மனியில மண்சுவர் வீடு வாங்கலாமா?

வாவிக்கரை (ஆரையம்பதி) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் நீங்க எழுதுறதை வாசிச்சிட்டுப் போறதோட சரி, இண்டைக்குத்தான் முதல் முதல் எழுதுறேன். மூணு கிழமையா சரியான நித்திரை இல்ல. வீட்டில கதைச்சா கதை ஊருக்குப் போயிரும், அதால இஞ்ச கேக்குறேன்.

என்ட மூத்த மகள் கல்யாணம் முடிச்சு ஜேர்மனிக்குப் போய் பதினொரு வருஷம். ஹில்டெஸ்ஹைம் எண்ட நகரத்துக்குத் தெற்கால ஒரு சின்னப் பட்டணத்தில வாடகைக்கு இருக்கிறாங்க. ரெண்டு பிள்ளைகள். இப்ப அந்தப் பட்டணத்திலயே ஒரு பழைய வீட்டுக்கு விலை பேசியிருக்கிறாங்க. நம்மட ஊரில பழைய வீடெண்டா பாட்டி காலத்து வீடு. இது நானூறு வருஷத்துக்கு மேல. வாசலுக்கு மேல போற உத்திரத்தில ஆண்டு செதுக்கிக் கிடக்கு. 15 எண்டு முதல் ரெண்டு இலக்கமும் தெளிவா இருக்கு, பின்னுக்குள்ள ரெண்டும் தேஞ்சு போச்சு.

மகள் வீடியோவில வீடு முழுக்கக் காட்டினா. மூணு தட்டு. மேல்தட்டு கீழ்த்தட்டை விட தெருப்பக்கமா ஒரு அடி முன்னுக்கு நிக்குது. முகப்பு முழுக்க கறுத்த மரச்சட்டம், குறுக்கும் நெடுக்கும் சாய்வுமா. சட்டங்களுக்கு இடையில கட்டம் கட்டமா வெள்ளை பூசியிருக்கு. ஒவ்வொரு தூணுக்கும் அடியில பனையோலை விசிறியை விரிச்ச மாதிரி அரைவட்டச் செதுக்கல். அதுவரைக்கும் வடிவாத்தான் இருந்திச்சு. நானும் "நல்லாயிருக்கு மகள்" எண்டுதான் சொன்னேன்.

மறுகா மேல் அறைக்குப் போனா. அவடத்த ஒரு கட்டத்தில பூச்சு உதிர்ந்து உள்சுவர் தெரிஞ்சுது. போனைக் கிட்டக் கொண்டு போனா. பார்த்த உடனே எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. பிளந்த கம்பு நெட்டுக்கு நிக்குது. அதில மெல்லிய தடி பின்னியிருக்கு. அதுக்கு மேல வைக்கல் கலந்த மண். மண்ணில பக்கத்துப் பக்கத்தில நாலு விரல் தடம், மேலயிருந்து கீழ இழுத்திருக்கு. எங்கட அம்மா சுவருக்கு மண் அப்பினாவும் கடைசியில இதே மாதிரி நாலு விரலால இழுத்து விடுவா.

நான் பிறந்தது படுவான்கரையில, வேளாண்மைக் குடும்பம். எங்கட வீடு வரிச்சுக் கட்டி மண் வச்ச வீடுதான். கம்பு நட்டு, வரிச்சு கட்டி, புற்றுமண்ணையும் வைக்கலையும் போட்டு மிதிச்சு, உருண்டையா உருட்டி ரெண்டு பக்கமும் அப்புவாங்க. வைகாசியில கண்ணகையம்மன் சடங்குக்கு முன்னம் சுவர் எல்லாம் சாணி கரைச்சு மெழுகுவோம். வெடிச்ச இடத்துக்கு மண் குழைக்கிறது என்ட வேலை. வாசமே தனி.

1978 கார்த்திகை, 23ஆம் தேதி ராத்திரி சூறாவளி அடிக்கக்குள்ள எனக்குப் பன்னிரண்டு வயசு. கிடுகு முழுக்கப் பறந்து போச்சு. மழை நேர சுவரில விழுந்திச்சு. விடியப் பார்த்தா சுவர் கரைஞ்சு வாசலில சேறாக் கிடக்கு, கம்பும் வரிச்சும் மட்டும் எலும்பு மாதிரி நிக்குது. அம்மா அந்தச் சேத்துக்குள்ள நிண்டு சொன்னா: "என்ட பிள்ளைக்கு கல்வீடு கட்டாமக் கல்யாணம் செய்து வைக்க மாட்டேன்." அவவால முடியேல்ல. நான் அதைச் செய்தேன். உங்களுக்குத் தெரியும், எங்கட பக்கம் வீடு பொம்புளப் பிள்ளைக்குத்தான். அவரும் நானும் ஒம்பது வருஷம் சீமெந்துக் கல்லு கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, ஓடு வாங்கி, முதிரையில கதவு நிலை அடிச்சு மகளுக்குக் கட்டின வீடு அது. 2004இல சுனாமி அடிச்சு நாவலடியில கல்வீடுகளும் அத்திவாரத்தோட போனதைக் கண்டனான்தான். ஆனாலும் கல்வீடெண்டா எனக்கு ஒரு தைரியம்.

இப்ப மகள் கேக்கிறா, சீதன வீட்டையும் வளவையும் வித்து அந்தக் காசில அந்த வீட்டைத் திருத்தட்டா எண்டு. காணி உறுதிப் பத்திரம் அவட பேரில. ஆனா நான் வேண்டாமெண்டா விக்க மாட்டா, எனக்குத் தெரியும்.

நான் கேக்கிறது இதுதான். மண்ணும் மரமும் சேர்ந்த சுவர் நானூறு வருஷம் நிண்டது உண்மையா, இல்லாட்டி அங்க இங்க மாத்திக் கட்டினதா? இன்னும் நிக்குமா? பெரிய பெரிய கல்லுக் கட்டடம் இருக்கிற நாட்டில ஏன் இப்பிடி ஒண்டை காசு குடுத்து வாங்குறாங்க? மண்வீட்டில இருந்து அவவைக் கரையேத்தின தாய் நான். திரும்பவும் மண்வீட்டுக்குப் போறாளே எண்டு மனம் அடிச்சுக்கொள்ளுது.

ஹார்ட்ஸ் மலையடி எழுதியது:

அக்கா, நான் செங்கலடி. 1991இல் இங்கே ஜேர்மனிக்கு வந்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக பழைய மரச்சட்ட வீடுகளைத் திருத்தும் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை. உங்கள் மகள் பார்த்த வீடு மாதிரி எத்தனையோ வீட்டின் கட்டத்தை இந்தக் கையால் திறந்திருக்கிறேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த வகைக் கட்டடத்துக்கு இங்கே ஃபாக்வெர்க் என்று பெயர். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேணும். இது நம்மட மண்வீடு இல்லை. நம்மட வீட்டில் கம்பு நேரே நிலத்துக்குள் இறங்கும். அது ஈரத்தில் உக்கும், கறையான் ஏறும், பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேணும். இங்கே அப்படி இல்லை. கல்லால் அடிச்சுவர் எழுப்பி, அதன் மேல் ஓக் மர அடிச்சட்டத்தைக் கிடையாகப் போட்டு, அதில்தான் தூண்களை ஏற்றுவார்கள். தூண், சாய்வுச்சட்டம், உத்திரம் எல்லாம் கழுந்தும் துளையுமாக, அதாவது ஒன்றின் சீவின முனையை மற்றதின் துளைக்குள் இறக்கிக் கோர்த்து, மர ஆணி அடித்தது. வீட்டின் பாரத்தை முழுக்க மரம் தாங்குது. மண் கட்டங்களை அடைக்க மட்டும்தான். ஒரு கட்டத்து மண் விழுந்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, திரும்ப அப்பலாம். நானூறு வருஷத்தில் எத்தனை கட்டம் திரும்ப அப்பப்பட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மரம் பெரும்பாலும் பழையதே.

அந்த நாலு விரல் தடத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நானும் கண்டிருக்கிறேன். மேலே பூசும் சுண்ணாம்பு பிடிப்பதற்காக, மண் ஈரமாக இருக்கும்போதே விரலாலோ சீப்பு மாதிரி ஒரு பலகையாலோ இழுத்துவிடுவார்கள். உங்கள் அம்மா செய்த அதே வேலைதான், அதே காரணத்துக்காக.

மண் ஏன்? ஏழ்மையால் இல்லை. உங்கள் மகள் பார்த்தது வியாபாரி அல்லது வசதியான பட்டணவாசி ஒருவர் கட்டின வீடாகத்தான் இருக்க வேணும், செதுக்கலைப் பார்த்தாலே தெரியும். மண் எப்போதும் காய்ந்துகொண்டே இருக்கப் பார்க்கும். பக்கத்தில் உள்ள மரத்தில் ஈரம் ஏறினால் அதை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். அதனால்தான் மண்ணோடு ஒட்டி நின்ற ஓக் சட்டம் நூற்றுக்கணக்கான வருஷம் உக்காமல் இருக்குது. இதைக் கெடுத்தது சீமெந்துதான். 1960கள், 70களில் பழைய மண்ணைக் கிண்டி எடுத்துவிட்டு சீமெந்துக் கலவையால் அடைத்தார்கள், மேலே பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தார்கள். சீமெந்துக்கும் மரத்துக்கும் இடையில் மயிரிழை வெடிப்பு விழும். மழைத்தண்ணி உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. நான் திறந்த சில வீடுகளில் வெளியே பளபளவென்று சட்டம், உள்ளே விரலால் குத்தினால் கோப்பித்தூள் மாதிரி கொட்டும். முந்நூறு வருஷம் நின்ற மரம் முப்பது வருஷத்தில் போச்சு.

ஆகவே மகளிடம் சொல்லுங்கள். முதலில் அடிச்சட்டத்தைப் பார்க்க வேணும், அதுவும் மழை அடிக்கும் மேற்குப் பக்கத்தில். திருகாணி முடுக்கியை எடுத்து மரத்தில் அழுத்திப் பார்க்கட்டும். நல்ல ஓக் என்றால் முனை இறங்காது. இரண்டு விரல் ஆழம் இறங்கினால் அந்தத் துண்டை மாற்ற வேண்டி வரும். மாற்றலாம், நாங்கள் தினமும் செய்கிற வேலைதான், ஆனால் விலையில் அதைக் கழிக்க வேணும். இரண்டாவது, வெளிக்கட்டங்களில் சீமெந்து இருக்கா என்று தட்டிப் பார்க்கட்டும். மண் மந்தமாகச் சத்தம் போடும், சீமெந்து கணீரென்று கேட்கும். மூன்றாவது கூரை. கூரையும் கால்மாட்டும் காய்ந்து இருந்தால் மற்றதெல்லாம் நிற்கும். 1978இல் உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதானே அக்கா, கூரை போனதால்தானே சுவர் போனது.

அந்த விசிறிச் செதுக்கல் இந்தப் பகுதியின் அடையாளம். 1530கள் தொடங்கி நிறைய வரும், மறுமலர்ச்சிக் காலத்துப் பாணி. தேய்ந்த ஆண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். உத்திரத்தில் விரல் தடிப்பில் ஒரு துளை போட்டு மரத்தின் வளையங்களின் தடிப்பு வரிசையை ஆண்டு தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டு, அந்த மரம் எந்த வருஷம் வெட்டப்பட்டது என்று சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்குப் பக்கத்தில் எழுத்தும் இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டின புருஷன் பெயரோடு பெண்சாதி பெயரையும் செதுக்கிற வழக்கம் இந்தப் பக்கம் இருந்தது.

கல்லுக் கட்டடம் இருக்கிற நாட்டில் ஏன் இதை வாங்குகிறார்கள் என்று கேட்டீர்கள். ஹில்டெஸ்ஹைம் உங்கள் மகளுக்குக் கிட்ட என்றபடியால் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். சந்தைச் சதுக்கத்தில் இறைச்சிக்காரர் சங்கம் 1529இல் கட்டின பெரிய மரச்சட்ட வீடு ஒன்று இருந்தது. 1945 மார்ச் 22ஆம் தேதி குண்டு விழுந்து பழைய பட்டணத்தோடு அதுவும் எரிந்து போச்சு. பிறகு அதே இடத்தில் 1960களில் கொங்கிரீட்டில் ஹோட்டல் கட்டினார்கள். ஊர்ச்சனத்துக்கு மனம் ஆறவில்லை. கடைசியில் அந்தக் கொங்கிரீட் கட்டடத்தை இடித்துவிட்டு, 1987 முதல் 1989 வரை பழைய வீட்டை பழைய முறையிலேயே ஓக்கும் மர ஆணியுமாகத் திரும்பக் கட்டினார்கள். இப்போது மேல்தட்டுகளில் நகர அருங்காட்சியகம். நான் முதல் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மேஸ்திரி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பொருத்தாகத் தொட்டுப் பார்க்க வைத்தார்.

கணக்குப்பிள்ளை (கல்முனை) எழுதியது:

அம்மா, வீடு நல்லதா கெட்டதா என்பது எனக்குத் தெரியாது, காணி விசயம் மட்டும் சொல்லுறன். சீதன வளவை அவசரப்பட்டு விக்க வேண்டாம். வித்த காணி திரும்பி வராது. மகளுக்கும் பொம்புளப் பிள்ளை இருந்தா அவவுக்கும் அதில நினைப்பு இருக்கும். இப்போதைக்கு வீட்டை வாடகைக்குக் குடுங்க. விக்கிறதெண்டு முடிவெடுத்தா அற்றோணித் தத்துவம், அதாவது மகளுக்குப் பதிலா விக்கிற அதிகாரம், எழுதி இஞ்ச யாருக்கும் குடுக்காம, மகளை ஒருக்கா வந்து நொத்தாரிசுக்கு முன்னால நேர கையெழுத்து வைக்கச் சொல்லுங்க. அற்றோணியால பிரிஞ்ச குடும்பங்களை நான் கண்ணால கண்டிருக்கன்.

அங்க திருத்துறதுக்கு அரசாங்க உதவி ஒண்டும் இல்லையா? அதை முதல்ல கேளுங்க.

ஹார்ட்ஸ் மலையடி எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா கேட்டது முக்கியமான கேள்வி. நான் விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட வீடு அநேகமாக நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கும். இருந்தால் ஒரு யன்னலை மாற்றுவதற்கும் அந்தப் பகுதியின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேணும். இதைச் சுமை என்று சிலர் ஓடுவார்கள். ஆனால் சொந்தமாக அதில் குடியிருந்தால், திருத்தச் செலவில் வருஷத்துக்கு 9 வீதப்படி பத்து வருஷத்துக்கு வருமானவரிக் கணக்கில் கழிக்கலாம். முக்கியமான நிபந்தனை, வேலை தொடங்க முதலே அலுவலகத்தோடு பேசி ஒத்துக்கொள்ள வேணும். முதலில் உடைத்துவிட்டுப் பிறகு போய்க் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. என்னுடைய கூட்டாளி ஒருவர் ஆசையில் சனி ஞாயிறுகளில் தானே உடைத்துத் தொடங்கினார், அவ்வளவும் கைக்காசு.

அந்த அலுவலகத்துக்காரரைப் பகைவராக நினைக்க வேண்டாம் என்றும் மகளிடம் சொல்லுங்கள். எந்த மண், எந்தச் சுண்ணாம்பு, எந்தத் தச்சன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நிந்தவூர் ஓடாவி மகன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். அக்கா, எங்கட வாப்பாவும் மூத்தவாப்பாவும் ஓடாவிமார், மரத்தச்சுத் தொழில். நானும் அந்தத் தொழில்தான். ஜேர்மனி நானா சொன்ன கழுந்தும் துளையும் பற்றி வாசிச்சதும் எழுதாம இருக்க முடியேல்ல.

முதிரைக்குத் துளை போட்டு ஆணி அடிக்கிறதுக்கு எங்கட வாப்பா ஒரு கணக்கு வச்சிருந்தார். கழுந்தில இருக்கிற ஓட்டை துளைச்சட்டத்து ஓட்டைக்கு நேர வரப்படாது, ஒரு நெல்லுத் தடிப்பு உள்ளுக்குத் தள்ளி இருக்கணும். ஆணி அடிக்கக்குள்ள அது இழுத்துப் பிடிக்கும். ஆணி நல்லாக் காய்ஞ்ச மரத்தில சீவினதா இருக்கணும். சட்டம் காயக் காய ஆணியை இறுக்கும். பழைய பள்ளிவாசல் கூரை ஒண்டைக் கழற்றக்குள்ள பார்த்தன், எழுபது எண்பது வருஷத்து ஆணி, சுத்தியலால பின்னுக்கு அடிச்சும் அசையேல்ல. இரும்பாணி எண்டா கடற்காத்துக்குத் துரு ஏறி மரத்தையும் வெடிக்க வச்சிருக்கும்.

நானா, ஒரு கேள்வி. அவ்வளவு சட்டத்தையும் எங்க வச்சுப் பொருத்திப் பார்க்கிற? தெருவில இடம் காணுமா? எங்களுக்கு ஒரு கூரை ஏத்துறதெண்டாலே வளவு முழுக்க மரம் பரப்பிக் கிடக்கும், கரியால அடையாளம் போட்டு வைப்பம்.

ஹார்ட்ஸ் மலையடி எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன அந்த நெல்லுத் தடிப்புக் கணக்கு அப்படியே இங்கேயும் இருக்குது. வித்தியாசம் ஒன்றுதான், இங்கே ஓக்கைப் பச்சையாகவே வேலை செய்வார்கள். காய்ந்தால் உளி ஏறாது. பச்சைச் சட்டம், காய்ந்த ஆணி. கட்டி முடித்த பிறகு வருஷக்கணக்கில் காய்ந்து, கொஞ்சம் முறுகி, தன் இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் இந்த வீடுகளில் தரை சரிவாக இருக்கும். அக்கா, மகள் வீட்டில் தரையில் பந்து உருண்டால் அதற்காகப் பயப்பட வேண்டாம். பழைய சரிவு வேறு, புது வெடிப்பு வேறு.

பொருத்திப் பார்ப்பது பட்டணத்துக்கு வெளியே உள்ள தச்சுவளவில். ஒரு முழுச்சுவரையும் நிலத்தில் படுக்க வைத்துக் கோர்த்து, சரிவந்ததும் ஒவ்வொரு சட்டத்திலும் உளியால் அடையாளம் கொத்துவார்கள். கோடு கோடாக ரோம இலக்கம். எந்தச் சுவர், எந்தத் தட்டு என்பதற்குப் பக்கத்தில் சின்னக் கொத்து. பிறகு கழற்றி, வண்டியில் ஏற்றி வந்து, அடையாளம் பார்த்து எழுப்புவார்கள். வீட்டுக்குள் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அந்த இலக்கங்கள் இப்போதும் தெரியும். பிள்ளைகளுக்குத் தேடச் சொல்லிக் கொடுங்கள். இலக்கம் வரிசையாக வந்தால் அந்தச் சுவர் கட்டினபடியே நிற்குது என்று அர்த்தம். அக்கா கேட்ட "மாத்திக் கட்டினதா" என்ற கேள்விக்கு மரமே பதில் சொல்லும்.

இல் நதிக்கரை (ஸ்ட்ராஸ்பூர்க்) எழுதியது:

பிரான்ஸிலிருந்து ஒரு வார்த்தை. நான் திருக்கோவில். இங்கே பதினேழு வருஷம். பேராலயத்துக்குப் பக்கத்தில் காமர்ஸெல் வீடு என்று ஒன்று இருக்கிறது, வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்ப்பேன். 1427இல் கட்டத் தொடங்கி, கீழ்த்தட்டை 1467இல் கல்லால் கட்டி, மேல்தட்டுகளை 1589இல் ஒரு பாற்கட்டி வியாபாரி மரச்சட்டத்தில் எழுப்பிய வீடு. 75 யன்னல்கள். செதுக்காத சட்டம் ஒன்றுகூட இல்லை என்று சொல்லலாம். பெயர் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஒரு பலசரக்குக் கடைக்காரருடையது. ஒரே வீட்டில் மூன்று காலத்து மனிதர்கள் கை வைத்திருக்கிறார்கள். அதனால் அதைப் பழையது இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மாற்றிக் கட்டினதா என்று நீங்கள் கேட்டதால் இதை எழுதத் தோன்றியது.

இன்னொன்று. இந்த அல்சாஸ் பகுதியில் முற்காலத்தில் மரச்சட்ட வீட்டை அடையாளம் பார்த்துக் கழற்றி, வேறு ஊருக்குக் கொண்டுபோய் எழுப்புவார்களாம். உங்கெர்ஸ்ஹைம் என்ற ஊரில், இடிக்கப்பட இருந்த கிராமத்து வீடுகளை அப்படிக் கழற்றிக் கொண்டுவந்து ஒரு முழுக் கிராமமே செய்து வைத்திருக்கிறார்கள், 1984இல் திறந்தது. என் அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். அவ ஒரு வீட்டுச் சுவரில் கையை வைத்து, "இது எங்கட தம்பிலுவில் வீட்டு மண்ணு மாதிரியே குளிருது" என்றா. அதுக்குப் பிறகு அந்த நாள் முழுக்க அவவுக்குக் கதை வந்தது. முப்பது வருஷமாகச் சொல்லாத கதையெல்லாம் சொன்னா. உங்கள் மகளும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கு அவ்வளவு கிட்டக் கொண்டுவந்து காட்டியிருப்பா என்று நினைக்கிறேன்.

வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. எழுதினதை எல்லாம் ரெண்டு தரம் வாசிச்சேன், அவருக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் திரும்ப அந்த வீட்டுக்குப் போனாங்க, நான் போனில இருந்தேன். ஹார்ட்ஸ் மலையடித் தம்பி சொன்ன மாதிரி ஒவ்வொண்டாப் பார்த்தோம். தெருப்பக்கத்து அடிச்சட்டத்தில முனை இறங்கவே இல்ல. பின்பக்கம், மேற்கு மூலையில, கிட்டத்தட்ட ரெண்டு முழத்துக்கு மரம் மெதுமையாக் கிடக்கு. அவடத்த யாரோ சீமெந்தால கீழ பூசி விட்டிருக்கிறாங்க. மருமகன் தட்டினார், கணீரெண்டு கேட்டுது. எனக்கு இஞ்ச ஆரையம்பதியில இருந்தே கேட்டுது. முகப்பில மூணு கட்டமும் அப்பிடித்தான். மற்ற எல்லாம் மந்தமான சத்தம், மண்.

பேரப்பிள்ளைகள் ரெண்டும் டோர்ச் பிடிச்சு இலக்கம் தேடினதுகள். மேல் அறையில ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு எண்டு வரிசையா வந்திச்சு. அஞ்சாவது இல்ல, அந்தத் தூண் மட்டும் வேற நிறம், யாரோ பிறகு மாத்தியிருக்கிறாங்க. ஆறில இருந்து திரும்ப வரிசை. சின்னவள் ஒவ்வொரு இலக்கத்தையும் விரலால தடவித் தடவிச் சத்தமா எண்ணினா.

உத்திரத்தில எழுத்தும் இருக்கு. முழுக்க வாசிக்க முடியேல்ல. மருமகன் ஒரு வயசான பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசிக்க வச்சார். ஆண்டவர் இந்த வீட்டைக் காக்கட்டும் எண்ட மாதிரி ஒரு வசனம், மறுகா ஒரு ஆம்பிளைப் பேர், அதுக்குப் பிறகு ஒரு பொம்புளப் பேர். பொம்புளப் பேரில முதல் எழுத்துத்தான் தெளிவு. எங்கட வீட்டு உறுதியில மகளட பேர் இருக்கிற மாதிரி அந்த அம்மாட பேர் நானூறு வருஷமா வாசலுக்கு மேல கிடந்திருக்கு. எனக்கு அழுகை வந்திட்டுது. ஏனெண்டு மகளுக்குச் சொல்லத் தெரியேல்ல.

கணக்குப்பிள்ளை மகன் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். வளவை இப்ப விக்கிறதில்ல. வீட்டை வாடகைக்குக் குடுப்போம், கூரையில ரெண்டு கைமரம் மாத்தணும், அதை நாங்க செய்து குடுக்கிறோம். வாடகைக் காசு மகளுக்குப் போகட்டும். மருமகன் அந்த அலுவலகத்தில நேரம் எடுத்திருக்கிறார், அவங்க வந்து பார்த்து எழுதித் தந்த பிறகுதான் விலை முடிப்பாங்க. மேற்கு மூலைக்கும் சீமெந்துக் கட்டங்களுக்கும் விலையில கழிக்கக் கேக்கப் போறாங்க. அதுக்கு மேலயும் காணாட்டி வளவைப் பற்றி அப்ப கதைப்போம், நான் தடுக்க மாட்டேன் எண்டு மகளுக்குச் சொல்லிட்டேன்.

ஹார்ட்ஸ் மலையடித் தம்பிக்கு ஒரு கேள்வி மட்டும். அந்த மூணு கட்டத்துச் சீமெந்தையும் எடுத்திட்டுத் திரும்ப மண் வைக்கத்தானே வேணும். எனக்கு இன்னும் மண் குழைக்கத் தெரியும். விசாவுக்குக் கடிதம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அங்க மண்ணைக் காலால மிதிக்க விடுவாங்களா, இல்லாட்டி எல்லாம் மெஷினா? எந்த மாசம் வரட்டும்?

ஹார்ட்ஸ் மலையடி எழுதியது:

அக்கா, மெஷினும் இருக்கு, பையில் கட்டின மண்ணும் கடையில் விக்கும். ஆனாலும் நல்ல தச்சுப் பட்டறைகளில் வைக்கல் கலந்த மண்ணை இப்போதும் காலால் மிதிப்பதுண்டு, அதுதான் நல்லாச் சேரும். அலுவலகத்துக்காரருக்கு நீங்கள் மிதிக்கிறதைப் பார்க்கக் கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள்.

மே மாதம் நடுப்பகுதிக்குப் பிறகு வாங்க. அதற்கு முன்னம் ராத்திரியில் உறைபனி விழலாம், ஈரமண் உறைந்தால் காய்ந்த பிறகு பொடிப்பொடியாகக் கொட்டிப்போகும். மேயில் அப்பினால் கோடை முழுக்கக் காயக் கிடைக்கும், குளிர் வர முதல் சுண்ணாம்பும் பூசிவிடலாம். மண் அப்பினதும் கட்டத்தின் விளிம்பில் மரத்தோடு ஒட்டுகிற இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திவிட வேணும், காயும்போது அங்கேதான் விலகும். வெடித்தால் பயமில்லை, நீங்கள் சின்ன வயசில் செய்த மாதிரியே அடைக்கலாம்.

குழாய்த்தண்ணி மேயிலும் நல்ல குளிர், வெறுங்காலுக்குத் தாங்காது. ஒரு வாளி சுடுதண்ணி கலந்து குழையுங்கள். நான் இருக்கிற இடத்திலிருந்து காரில் ஒரு மணித்தியாலம்தான், திகதி தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள், வைக்கல் நான் கொண்டு வாறேன்.